இன்பாக்ஸ் கிடைத்தது, அனுப்பியவை கிடைக்கவில்லை



கடந்த மாதம் ஜோர்ஜ்டவுனில் ஒளிப்பதிவான எங்கள் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தின் தலைப்பு ‘பழைய கணினியை என்ன செய்வது?’ என்பது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்ட பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள்கூடப் பல வீடுகளில் மூலைக்குப் போய்விட்டன. விற்கலாமா, யாருக்காவது கொடுக்கலாமா, மறுசுழற்சிக்குப் போடலாமா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, நேயர் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். எழுபது வயது இருக்கும். சரக்குகளைக் கப்பலில் அனுப்பிவைக்கும் சிறு தொழில் செய்தவர்.

“என் மின்னஞ்சல் எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டேம்மா. இருபது வருசத்துக் கடிதம். இதோ, கழுத்துலயே தொங்குது” என்று ஒரு தம்ப் டிரைவைக் காட்டினார். மேடையில் மடிக்கணினி இருந்தது. நேயர்களுக்குக் காட்டலாமே என்று வாங்கிச் சொருகினோம். உள்ளே அவுட்லுக் படம் போட்ட ஒரே ஒரு கோப்பு. அளவு 2 கிலோபைட்.

அது கடிதம் அல்ல. கணினித் திரையின் முகப்பில், நாம் இருமுறை தட்டினால் அவுட்லுக்கைத் திறந்துவிடும் வெறும் குறுக்குவழிப் படம். ‘இந்த மென்பொருள் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்ற முகவரி மட்டுமே அதில் இருக்கும். வீட்டு முகவரி எழுதிய துண்டுச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டையே எடுத்து வந்துவிட்டதாக நினைத்தது போலத்தான். அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“ஐயா, கணினி இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“இருக்கு. நாளன்னைக்கு மறுசுழற்சிக்காரர் வந்து தூக்கிட்டுப் போவார்.”

“அவரை இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லுங்கள்” என்றேன். ஒளிபரப்பில் அத்தோடு விளம்பர இடைவேளை வந்துவிட்டது. அன்று நேரமில்லாமல் விட்டுப்போன விளக்கத்தையும் சேர்த்துத்தான் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். நான் மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளோமா படித்தவள். கணினிப் பொறியாளர் அல்ல. இதில் எனக்குத் தெரிந்தது பாதி, எங்கள் வீட்டில் பட்ட அடியால் தெரிந்துகொண்டது.

கடிதங்கள் குடியிருந்த இடம்

இன்றைய இளையோருக்கு மின்னஞ்சல் என்றால் கைப்பேசியில் தெரிவது. எந்தக் கருவியில் திறந்தாலும் அதே கடிதங்கள் வரும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு அப்படியில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக 1515 என்ற எண்ணைச் சுழற்றி டிஎம்நெட் இணைப்பைப் பிடித்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. அதனால் இணைப்பைப் பிடித்து, வந்த கடிதங்களை மொத்தமாக இறக்கிக்கொண்டு, உடனே துண்டித்துவிடுவோம். நிதானமாகப் படித்து, பதில் எழுதி வைத்து, மறுபடி இணைப்பைப் பிடித்து அனுப்புவோம். அவுட்லுக் எக்ஸ்பிரஸ், அவுட்லுக், யூடோரா போன்ற மென்பொருள்கள் இந்த வழக்கத்துக்கு ஏற்றவையாக இருந்தன.

கடிதத்தை இறக்க அவை பயன்படுத்திய முறைக்குப் ‘பாப்’ என்று பெயர். கடிதம் உங்கள் கணினிக்கு இறங்கியதும், நிறுவனத்தின் வழங்கியில் இருந்த பிரதி அழிந்துவிடும். ‘ஒரு பிரதியை அங்கேயே விட்டுவை’ என்று நாமாகப் போய்க் கட்டத்தில் குறியிட்டிருந்தால்தான் இருக்கும். எத்தனை பேர் அந்தக் கட்டத்தைத் தேடிப் போயிருப்பார்கள்? ஆகவே, அந்தக் காலத்துக் கடிதங்களுக்கு உலகிலேயே இருந்த ஒரே பிரதி வீட்டு மேசைக்குக் கீழே இருந்த அந்தப் பெட்டிக்குள்தான். அந்தப் பெட்டிகள்தான் இப்போது வரிசையாக மறுசுழற்சிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அப்போது நாங்கள் ஆயர் ஈத்தாமில் இருந்தோம். 2003-ஆம் ஆண்டு அக்காள் மருத்துவம் படிக்க மங்களூருக்குப் போனாள். தொலைபேசிக் கட்டணம் கட்டுப்படியாகாது. அப்பா ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அவளுக்கு மின்னஞ்சல் எழுதுவார். தமிழில்தான். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவார். ஐந்து ஆண்டுகள் இது நடந்தது. அக்காளின் பதில்களை எங்களுக்கு வாசித்தும் காட்டுவார். 2012-இல் அப்பா தவறிவிட்டார். கணினியை அம்மா துணி போட்டு மூடி வைத்திருந்தார். நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்கவும் இல்லை.

2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பினாங்கைப் புரட்டிப்போட்ட காற்றையும் மழையையும் இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடியும்போது எங்கள் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர். கணினிப் பெட்டி தரையில்தான் இருந்தது. அப்பா பிரதியெடுத்து வைத்த குறுந்தட்டுகள் அதே மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தன. சேறு வடிந்த பிறகு நாங்கள் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை: தலைமுடி உலர்த்தும் கருவியால் பெட்டியைக் காயவைத்து, மின்சாரம் கொடுத்துப் பார்த்தோம். நனைந்த வன்தட்டுக்கு ஒருபோதும் மின்சாரம் கொடுக்கக்கூடாது, திறக்கவும் கூடாது. அப்படியே தரவு மீட்பு நிபுணரிடம் கொண்டுபோக வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

தப்பியது ஒரே ஒரு குறுந்தட்டு. அதுவும் தற்செயலாக. 2007-இல், கடிதங்களை அச்செடுத்துத் தரச் சொல்லி, அச்சுப்பொறி வைத்திருந்த பட்டர்வொர்த் அத்தை மகனிடம் அப்பா ஒரு தட்டைக் கொடுத்திருக்கிறார். அவன் அச்செடுக்கவில்லை. தட்டைத் தூக்கியும் போடவில்லை. அதிலிருந்தது ‘இன்பாக்ஸ்’ என்ற ஒரு கோப்பு மட்டும்.

ஒரு கோப்பு எடுத்தால் போதாது

ஏன் ஒன்று மட்டும்? அவுட்லுக் எக்ஸ்பிரஸ், உறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு வைத்திருந்தது. வந்த கடிதங்களுக்கு ஒன்று, அனுப்பியவற்றுக்கு ஒன்று, நாமே பெயர் கொடுத்து உருவாக்கிய உறைகளுக்குத் தனியே ஒவ்வொன்று. எல்லாம் ‘டிபிஎக்ஸ்’ என்ற பின்னொட்டுடன் இருக்கும். முகவரிப் புத்தகமோ ‘வேப்’ என்ற வேறொரு பின்னொட்டுடன் வேறோர் இடத்தில் கிடக்கும். இவை இருந்த அடைவையும் விண்டோஸ் மறைத்தே வைத்திருந்தது. அப்பா அதைத் தேடிப் பிடித்ததே பெரிய காரியம். பிடித்தவர், பெயரைப் பார்த்து ‘இன்பாக்ஸ்’ கோப்பை மட்டும் எடுத்துவிட்டார். அக்காள் எழுதியவை கிடைத்துவிட்டன. அப்பா எழுதியவை கிடைக்கவில்லை. அக்காளிடமும் இல்லை, அவள் வைத்திருந்த இலவச மின்னஞ்சல் கணக்கு, சில காலம் திறக்காமல் விட்டதில் எப்போதோ காலியாகிவிட்டது.

இன்றும் பழைய எக்ஸ்பி கணினி வைத்திருப்பவர்கள், அவுட்லுக் எக்ஸ்பிரஸின் ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘ஆப்ஷன்ஸ்’, அதில் ‘மெயின்டெனன்ஸ்’, அதில் ‘ஸ்டோர் ஃபோல்டர்’ என்று போனால் கோப்புகள் இருக்கும் முகவரி தெரியும். அந்த அடைவை மொத்தமாக எடுத்துவிடுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அங்கே உட்கார்ந்து பொறுக்காதீர்கள். மென்பொருளை நூறு முறை மூடிய பிறகு, ‘கோப்புகளைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்தட்டுமா’ என்று அது கேட்கும். பிரதி எடுக்கும் முன் அதற்குச் சம்மதிக்க வேண்டாம். சுருக்கும் வேலை பாதியில் தடைப்பட்டுக் கடிதங்களை இழந்தவர்கள் உண்டு.

அலுவலகங்களில் பயன்படும் அவுட்லுக் வேறு வகை. கடிதம், முகவரி, நாட்காட்டி எல்லாவற்றையும் ‘பிஎஸ்டி’ என்ற பின்னொட்டுள்ள ஒரே கோப்பில் போட்டு வைக்கும். ‘ஃபைல்’, ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’, ‘டேட்டா ஃபைல்ஸ்’ என்று போனால் அது எங்கே இருக்கிறது என்பது தெரியும். அந்தப் பட்டியலில் ஒரு வரிதான் இருக்கிறதா, இரண்டா என்று கவனியுங்கள். பழைய கடிதங்களைத் தானாகவே ஒதுக்கி ‘ஆர்க்கைவ்’ என்ற இரண்டாவது கோப்பில் போடும் வழக்கம் அவுட்லுக்குக்கு இருந்தது. நாம் முக்கியமாகக் காப்பாற்ற நினைக்கும் பழையவை பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். பலர் முதல் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள்.

‘ஓஎஸ்டி’ என்ற பின்னொட்டு தெரிந்தால், அது வழங்கியில் இருக்கும் அஞ்சல்பெட்டியின் நிழல் பிரதி. அதை அப்படியே வேறு கணினிக்குக் கொண்டுபோனால் அவுட்லுக் திறக்காது. அங்கே ‘எக்ஸ்போர்ட்’ வழியாகப் பிஎஸ்டி கோப்பாக மாற்றித்தான் எடுக்க வேண்டும். தண்டர்பேர்டு பயன்படுத்துவோருக்கு வேலை சுலபம். ‘ஹெல்ப்’ பகுதியின் ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தில் ‘புரொஃபைல் ஃபோல்டர்’ இருக்கும் இடம் தெரியும். அந்த அடைவு முழுவதையும் எடுத்தால் கடிதமும் வரும், அமைப்புகளும் வரும்.

மூடிவிட்டு எடுங்கள்

எந்த மென்பொருளானாலும் சரி, பிரதியெடுக்கும் முன் அதை முழுவதுமாக மூட வேண்டும். திறந்திருக்கும்போது மென்பொருள் அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தை இழுத்துப் படமெடுத்தால் பாதி வரிதானே வரும்? அவுட்லுக் திறந்திருந்தால் ‘கோப்பு பயன்பாட்டில் உள்ளது’ என்று விண்டோஸ் மறுத்துவிடும். அது நமக்கு நல்லதுதான். மூடிய பிறகும் மறுத்தால், பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கணினியை மறுபடி தொடக்கி, அவுட்லுக்கைத் திறக்காமலே பிரதியெடுங்கள். ‘வெட்டி ஒட்டு’ செய்ய வேண்டாம், ‘பிரதி எடுத்து ஒட்டு’ செய்யுங்கள். மின்சாரம் போனாலும் மூலக் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

பிஎஸ்டி கோப்பைக் கட்டமைப்பு வழியாக வேறொரு கணினியில் வைத்துக்கொண்டு அங்கிருந்தபடியே அவுட்லுக்கில் திறந்து பயன்படுத்துவதை மைக்ரோசாப்ட் ஆதரிப்பதில்லை. ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பு அடைவில் போட்டுவிட்டு அதிலேயே வேலை செய்வதும் தொல்லைதான். ஒரு கடிதம் வந்தாலும் மொத்தக் கோப்பும் மாறியதாகக் கணக்காகிவிடும். மூடிய கோப்பின் பிரதியை அங்கே ஏற்றி வைக்கலாம். அன்றாடம் ஓடும் கோப்பை அங்கே வைக்கக்கூடாது.

கோப்பின் பருமனும் ஆளை ஏமாற்றும். அவுட்லுக் 2002 வரை ஒரு பிஎஸ்டி கோப்பு 2 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது; நெருங்கினாலே தடுமாறத் தொடங்கிவிடும். 2003-இல் அந்த எல்லை 20 ஆனது, 2010-இல் 50 ஆனது. ஆனால் கடையில் வாங்கும் பல தம்ப் டிரைவுகள் ‘ஃபேட் 32’ என்ற பழைய முறையில் அமைக்கப்பட்டவை. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். 64 ஜிகாபைட் காலியாக இருந்தாலும் 5 ஜிகாபைட் கோப்பை ஏற்காது. ‘இடம் இருக்கிறதே, ஏன் ஏற மாட்டேன் என்கிறது’ என்று பலர் குழம்புவது இதனால்தான். தம்ப் டிரைவை ‘எக்ஸ்ஃபேட்’ முறைக்கு மாற்றினால் ஏற்கும். மாற்றும்போது அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். குழந்தையின் பிறந்தநாள் படங்கள் அதில்தான் இருக்கும்!

தமிழ்க் கடிதத்துக்கு இன்னொரு படி உண்டு

அத்தை வீட்டுத் தட்டுக்குத் திரும்புவோம். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் விண்டோஸ் விஸ்டாவோடு போய்விட்டது. அதன் இடத்துக்கு வந்த விண்டோஸ் லைவ் மெயிலுக்கும் 2017 ஜனவரியில் ஆதரவு நின்றது. விண்டோஸ் 10-இல் இருந்த ‘மெயில்’ செயலி 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ஒவ்வொன்று போகும்போதும் அடுத்ததற்குக் கடிதங்களைக் கொண்டுபோனவர்கள் தப்பித்தார்கள். எங்களைப் போல உறங்கிவிட்டவர்கள் பழைய எக்ஸ்பி கணினியைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. கிடைத்தது. தட்டைப் போட்டுக் கோப்பை இறக்கியதும் திறக்க மறுத்தது. காரணம் அற்பமானது: குறுந்தட்டிலிருந்து இறக்கிய கோப்புக்கு ‘படிக்க மட்டும்’ என்ற குறி ஒட்டிக்கொண்டு வரும். கோப்பின் பண்புகளுக்குள் போய் அந்தக் குறியை எடுத்ததும் திறந்தது.

கடிதங்கள் வரிசையாக வந்தன. ஆனால் ஓர் எழுத்துகூடத் தமிழ் இல்லை. தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் திரை நிறைய வழிந்தன. கோப்பு கெட்டுப்போயிற்று என்று அம்மா எழுந்து போய்விட்டார்.

கெடவில்லை. அந்தக் காலத்தில் இணையத்தில் மடல் எழுதிய தமிழர்கள் பலர் ‘திஸ்கி’ என்னும் குறியாக்கத்தைப் பயன்படுத்தினார்கள். தமிழக அரசு 1999-இல் ஏற்ற ‘டாம்’, ‘டாப்’ என்பவையும் இருந்தன. ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி வெவ்வேறு இடங்களில் அமர்த்தியது. அதற்குரிய எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் கொம்பும் புள்ளியும்தான். எல்லாரும் யூனிகோடுக்கு மாறிய பிறகு அந்த எழுத்துருக்கள் புதுக் கணினிகளில் இல்லாமல் போய்விட்டன. திஸ்கி எழுத்துரு ஒன்றைப் போட்டதும் அக்காளின் முதல் கடிதம் தெரிந்தது. விடுதிச் சாப்பாட்டில் தேங்காய் எண்ணெய் வாசம் என்று முறையிட்டிருந்தாள்.

பழைய தமிழ்க் கடிதங்கள் வைத்திருக்கும் அன்பர்களே, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கொம்பும் புள்ளியுமாகத் தெரியும் கடிதத்தைப் புது மென்பொருளிலிருந்து மற்றவருக்கு முன்னனுப்ப வேண்டாம். திறந்து திருத்திச் சேமிக்கவும் வேண்டாம். போகிற வழியில் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிட்டால் பிறகு எந்த நிபுணராலும் திருப்ப முடியாது. கேள்விக்குறிக்குள் ‘அ’ இருந்ததா ‘ஆ’ இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அதன் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மென்பொருள்கள் உருவாக்கப்பட்டுள்ளன. எழுத்துருக் கோப்பையும் காப்புப் பிரதியோடு சேர்த்தே போட்டு வையுங்கள்.

இந்தக் கோப்புகள் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியவை என்று நினைக்காதீர்கள். மூடா ஆற்றுக்கு அப்பால் சுங்கை பட்டாணியில் இருந்தபடி, மறைந்த டாக்டர் ஜெயபாரதி ‘அகத்தியர்’ என்ற யாஹூ மடற்குழுவை நடத்தினார். சமயம், வரலாறு, இலக்கியம் என்று அதில் நடந்த உரையாடல்கள் உறுப்பினர்களின் வீடுகளுக்கு மின்னஞ்சலாகவே போய்ச் சேர்ந்தன. குழுக்களில் சேமித்திருந்த பழையவற்றை நீக்கப்போவதாக யாஹூ 2019 அக்டோபரில் அறிவித்தது. 2020 டிசம்பர் 15-ஆம் தேதி அந்தச் சேவையையே மூடியது. அந்தக் காலத்துத் தமிழ் மடற்குழு எதிலாவது உறுப்பினராக இருந்த ஒருவரின் பழைய கணினி உங்கள் வீட்டு மூலையில் கிடந்தால், அதில் இருப்பதை எடுக்கும்வரை கொடுத்துவிடாதீர்கள்.

பெரிய நிறுவனம் பார்த்துக்கொள்ளாதா?

அரங்கில் ஓர் இளைஞர் இதைக் கேட்டார். “எல்லாம் கூகுளில் இருக்கிறது. அவர்களைவிட நான் பத்திரமாக வைத்துவிடுவேனா?” நியாயமான கேள்வி. ஆனால் 2010 டிசம்பர் இறுதியில் ஹாட்மெயிலில் 17,355 கணக்குகள் காலிப் பெட்டிகளாகத் தெரிந்தன. 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயிலிலும் அப்படியே நடந்தது. பயனர்களில் சுமார் 0.02 விழுக்காட்டினர் என்றது கூகுள். மென்பொருள் பிழை ஒன்று பல இடங்களில் இருந்த பிரதிகளையும் சேர்த்தே பாதித்திருந்தது. கடிதங்கள் எங்கிருந்து திரும்பின தெரியுமா? காந்த நாடாவிலிருந்து! நாடாக்கள் கணினி வலையில் இணைக்கப்படாமல் தனியே இருந்ததால் பிழை அவற்றைத் தொட முடியவில்லை. எங்கள் தொலைக்காட்சித் துறையில் கேலிக்குரியதாகிவிட்ட நாடாதான் கூகுளைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சின்ன மகிழ்ச்சி.

நிறுவனமே இல்லாமல் போவதும் உண்டு. மைமோஸ் தொடங்கிய, மலேசியாவின் முதல் இணையச் சேவையான ஜாரிங் 2015-இல் மூடப்பட்டது. ஜாரிங் முகவரியை அட்டையில் அச்சடித்து வைத்திருந்த வியாபாரிகள் எத்தனை பேர்! இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. இறந்துபோன தாய் தந்தையரின் கணக்கு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘கூகுள் டேக்அவுட்’ என்ற சேவை உங்கள் ஜிமெயில் முழுவதையும் ‘எம்பாக்ஸ்’ கோப்பாகக் கட்டித் தரும். எம்பாக்ஸ் எந்த ஒரு நிறுவனத்தின் தனிச் சொத்தும் அல்ல. தண்டர்பேர்டு உட்பட பல மென்பொருள்கள் அதைப் புரிந்துகொள்ளும். என்னைக் கேட்டால், பிஎஸ்டி வைத்திருப்பவர்களும் எம்பாக்ஸ் வடிவில் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

பீட்டர் குரோ என்ற அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பரப்பிய ‘3-2-1’ கணக்கு ஒன்று இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகளில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். எங்கள் வீட்டு வெள்ளத்துக்குப் பிறகு, அந்த ‘வேறோர் இடம்’ என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். அதே இழுப்பறை வேறோர் இடம் ஆகாது. அதே கணினியில் எந்நேரமும் சொருகியே இருக்கும் வன்தட்டும் ஆகாது. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வானாகிரை, தான் பூட்டுவதற்குத் தேடிய கோப்பு வகைகளில் பிஎஸ்டியையும் ஓஎஸ்டியையும் சேர்த்தே வைத்திருந்தது. சொருகியிருக்கும் வன்தட்டையும் அது விடாது. பிரதியெடுத்ததும் கழற்றிவிடுங்கள். நாங்கள் இப்போது ஒரு வன்தட்டைப் பட்டர்வொர்த் அத்தை வீட்டில் வைத்திருக்கிறோம். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருகிறோம்.

ஒரு காலத்தில் இத்தகைய பிரதிகளுக்கு உலகம் முழுவதும் பயன்பட்ட ‘ஸிப் டிரைவ்’ கருவியை விற்ற ஐயோமெகா நிறுவனத்துக்கு நம் பினாங்கிலேயே தொழிற்சாலை இருந்தது. 2002-இல் அதை விற்றுவிட்டது. அந்த நூறு மெகாபைட் தட்டுகள் எங்காவது கிடந்தால், படிக்கும் கருவி கிடைக்கும்போதே இறக்கிவிடுங்கள். கருவி போய்விட்டால் தட்டு வெறும் பிளாஸ்டிக்தான்.

தொழில் செய்வோருக்கு ஒரு வார்த்தை. வருமான வரிச் சட்டப்படி கணக்கு ஆவணங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். விலை ஒப்புக்கொண்டதும் சரக்கு வந்ததும் மின்னஞ்சலில்தான் இருக்கும் என்றால், அந்தக் கோப்பும் பேரேடுதான். வாடிக்கையாளர் விவரங்கள் இருப்பதால் பிரதிக்குப் பூட்டும் தேவை. பிஎஸ்டிக்கு அவுட்லுக் போடும் கடவுச்சொல்லை நம்ப வேண்டாம்; அதை எளிதில் உடைத்துவிடலாம். வன்தட்டையே மறைக்குறியிட்டுப் பூட்டுங்கள். அந்தக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள்.

ஓட்டிப் பாருங்கள்

ஒளிப்பதிவு முடிந்ததும் விருந்தினரை நாங்கள் உடனே அனுப்பிவிட மாட்டோம். பதிவானதில் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம். ஒலி விழுந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் விளக்கை அணைப்போம். கடிதப் பிரதிக்கும் அதே வேலை இருக்கிறது. முதலில் மூலத்தின் அளவும் பிரதியின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். 2 கிலோபைட் என்றால் உடனே புரிந்துவிடும். பிறகு அதை வேறொரு கணினியின் தட்டில் இறக்கி, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுத் திறங்கள். இணையம் இருந்தால், நீங்கள் பார்ப்பது பிரதியிலிருந்து வருகிறதா வழங்கியிலிருந்து வருகிறதா என்று தெரியாது. மிகப் பழைய கடிதம் ஒன்று, நடுவில் ஒன்று, இணைப்புள்ள ஒன்று, நீங்கள் அனுப்பிய ஒன்று என நான்கையாவது திறந்து பாருங்கள். பிஎஸ்டி பழுதாகியிருந்தால் அவுட்லுக்கோடு வரும் ‘ஸ்கேன்பிஎஸ்டி’ சில நேரம் சரிசெய்யும். அதையும் பிரதியின் மேல்தான் ஓட்ட வேண்டும்.

அப்படி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. அக்காளின் கடிதங்களில் பல, ‘பதில் அனுப்பு’ என்ற பொத்தானைத் தட்டி எழுதியவை. அப்படி எழுதும்போது, எந்தக் கடிதத்துக்குப் பதிலோ அது அடியில் ஒட்டிக்கொண்டு வரும். அக்காள் அதை அழிக்கச் சோம்பல்பட்டிருக்கிறாள். அவளுடைய மூன்று வரிகளுக்குக் கீழே, வரிக்கு வரி முன்னால் ஓர் அம்புக்குறியோடு, அப்பாவின் முழுக் கடிதம். முருங்கை மரத்தை வெட்டியது, நான் கணக்கில் தோற்றது, அம்மாவுக்குச் சொல்லாமல் காசு அனுப்பியது. அக்காள் புதிதாக எழுதியவற்றின் அடியில் மட்டும் எதுவும் இல்லை. அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் காசு விசயம் எனக்கு அப்பவே தெரியும்” என்றார்.

அந்தக் கப்பல் சரக்குக்காரப் பெரியவர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய கோப்பு 11 ஜிகாபைட்டாம். கழுத்தில் தொங்கிய தம்ப் டிரைவ் ஏற்கவில்லை. மகள் வாங்கி வந்த வன்தட்டில் ஏற்றி, அவள் கணினியில் இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்திருக்கிறார்கள். ஆர்க்கைவ் கோப்பும் தனியாக ஒன்று கிடைத்ததாம். “2006-இல் எழுதினதெல்லாம் இருக்கும்மா” என்றவர், மறுசுழற்சிக்காரரை எப்போது வரச் சொல்லலாம் என்று கேட்டார்.

“இரண்டாவது பிரதி வேறு வீட்டுக்குப் போன பிறகு வரச் சொல்லுங்கள் ஐயா. வரும்போதும் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள்” என்றேன்.